பண்டைய எகிப்தின் பானை ஓட்டில் உள்ள நீல நிறமியைக் கண்டறியும் முறை

கி.மு. 14ஆம் நூற்றாண்டில் எகிப்தின் மல்கட்டா அரண்மனையிலும் அமர்னா நகரிலும் புழங்கிய பானைகளில் ஒரு வகை தனித்துத் தெரியும். வெளிறிய பரப்பின்மேல் தாமரை இதழ்களை நீலத்தில் தீட்டி, சிவப்பாலும் கருப்பாலும் கோடிழுத்திருப்பார்கள். அந்த நீலம் இரண்டு பொருள்களில் ஒன்றாக இருக்கலாம். மணல், சுண்ணாம்பு, செம்புக் கனிமம், காரம் ஆகியவற்றைச் சேர்த்துச் சுட்டு எடுக்கும் கால்சியம் செம்பு சிலிக்கேட் முதலாவது. ‘எகிப்திய நீலம்’ என்று அறியப்படுவது இதுவே. மேற்குப் பாலைவனத்தின் கார்கா, தாக்லா பாலைவனச் சோலைகளில் கிடைத்த கோபால்ட் கலந்த படிகாரத்திலிருந்து உருவான கோபால்ட் அலுமினேட் இரண்டாவது. இவ்வகைப் பானைகளில் பெரும்பாலும் காணப்படுவது இரண்டாவதே என்றாலும், கையில் உள்ள ஓட்டில் இருப்பது எது என்பதைச் சோதித்துத்தான் சொல்ல வேண்டும்.

சோதனைக்கு முன் ஓட்டைக் கழுவக் கூடாது. சூளையில் வைப்பதற்கு முன் தீட்டிய வண்ணம் பானையோடு இறுகியிருக்கும். சுட்ட பிறகு தீட்டியதோ ஈரப்பஞ்சு பட்டாலே பெயர்ந்து வரும். சுண்ணாம்புப் படிவை நீக்குவதற்காக அமிலம் தடவும் பழக்கம் சில அகழாய்வுக் களங்களில் உண்டு. அந்த அமிலம் படிவோடு கார்பனேட் நிறமிகளையும் கரைத்துவிடும் என்பதால், பூச்சுள்ள ஓடுகளை அதிலிருந்து விலக்கியே வைக்க வேண்டும். பாராலாய்டு பி-72 போன்ற பிசின் முன்பே பூசப்பட்டுள்ளதா என்பதையும் பதிவேட்டில் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்தப் பிசின் பின்னால் எடுக்கும் நிறமாலைகளில் (ஒளியையும் கதிரையும் பிரித்துக் காட்டும் வரைபடங்களில்) தன் அடையாளத்தையும் பதித்துவிடும்.

முதல் வேலை உருப்பெருக்கியில் பார்ப்பது. எகிப்திய நீலம் கரடுமுரடான துகள்களாக, சாய்ந்த வெளிச்சத்தில் ஆங்காங்கே மினுங்கும். நுண்ணியதாக அரைக்க அரைக்க அதன் நிறம் வெளிறும். கோபால்ட் பூச்சு பெரும்பாலும் மங்கலாக, சீராகப் பரவியிருக்கும். இது ஊகத்துக்குத் துணைசெய்யுமே தவிர முடிவாகாது.

அடுத்தது ஒளிப்படம்; இந்தப் பணியில் மிகக் குறைந்த செலவில் மிகுந்த தகவல் தருவது இதுதான். கண்ணுக்குப் புலப்படும் ஒளி எகிப்திய நீலத்தின்மீது பட்டால், அது சுமார் 910 நானோமீட்டரில் அகச்சிவப்பாக ஒளிரும். கோபால்ட் நீலம் அவ்வாறு ஒளிர்வதில்லை. அகச்சிவப்புத் தடுப்பு வடிகட்டி அகற்றப்பட்ட கேமராவில், 800 நானோமீட்டருக்கு மேற்பட்ட ஒளியை மட்டும் விடும் வடிகட்டியைப் பொருத்தி, முழுமையாக இருட்டாக்கிய அறையில், அகச்சிவப்பு கலவாத எல்.இ.டி. விளக்கால் ஓட்டை ஒளியூட்டிப் படமெடுக்க வேண்டும். சன்னல் இடுக்கு வழியே வரும் வெயிலும், பழைய குண்டு பல்பும் அகச்சிவப்பை அள்ளி வீசுபவை என்பதால் இரண்டையும் விலக்க வேண்டும். கடையில் கிடைக்கும் எகிப்திய நீலப் பொடி ஒரு துளியும், சாம்பல் நிற அட்டையும் ஓட்டின் அருகில் இருக்கட்டும். படத்தில் பொடி வெண்மையாகச் சுடர்விட, அட்டை கருமையாகவே இருந்தால் ஏற்பாடு சரி. தாமரை இதழும் பொடியைப் போலச் சுடர்ந்தால் அதில் எகிப்திய நீலம் இருக்கிறது.

இதழ் இருண்டே கிடந்தால் கோபால்ட் என்று உடனே எழுதிவிடக் கூடாது. ஒளிராதவை எல்லாம் கோபால்ட் ஆகிவிடா. இப்போது எக்ஸ் கதிர் ஒளிர்வுக் கருவியை எடுக்க வேண்டும். கையில் பிடிக்கும் எக்ஸ்.ஆர்.எஃப். கருவி பொத்தானை அழுத்தியவுடன் தனிமங்களின் பட்டியலைத் தந்துவிடும். அந்தப் பட்டியலை நம்பாமல் நிறமாலையைத் திறந்து பார்ப்பது இந்த ஓடுகளுக்குக் கட்டாயம். ஒவ்வொரு தனிமமும் நிறமாலையில் தனக்கே உரிய ஆற்றலில் ஓர் உச்சமாக, அதாவது ‘கோடாக’த் தெரியும். கோபால்ட்டின் முதன்மைக் கோடு 6.93 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில் விழுகிறது. இரும்பின் இரண்டாம் கோடு 7.06இல் விழுகிறது. நைல் ஆற்று வண்டல் மண்ணோ இரும்பு மிகுந்தது. மெல்லிய பூச்சைத் துளைத்து அடியிலுள்ள மண் வரை கதிர் செல்வதால், இரும்பின் கோடு கோபால்ட்டின் கோட்டை விழுங்கிவிடலாம். சில வேளைகளில் கருவியின் மென்பொருள் இல்லாத கோபால்ட்டையும் காட்டலாம். ஆகவே நீல இதழில் மூன்று இடங்களிலும், வண்ணமற்ற வெற்று மண்ணில் மூன்று இடங்களிலும் ஒரே அமைப்பில், ஒரே நேர அளவில் அளந்து, இரு நிறமாலைகளையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஒப்பிட வேண்டும். 7 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டை ஒட்டிய உச்சத்தை இரும்பின் முதல் கோட்டால் வகுத்து வரும் விகிதம் வெற்று மண்ணில் இருப்பதைவிட நீலத்தில் தெளிவாக உயர்ந்திருந்தால் மட்டுமே கோபால்ட் உண்டு எனக் கொள்ளலாம். அதே நிறமாலையில் மாங்கனீசு, நிக்கல், துத்தநாகம் ஆகியவற்றின் கோடுகளையும் குறித்துக்கொள்ள வேண்டும். சோலைப் படிகாரத்தில் கோபால்ட்டோடு கூடவே வரும் தனிமங்கள் இவை.

தனிமம் தெரிந்ததாலேயே சேர்மம் தெரிந்ததாகாது. கோபால்ட் இருப்பது அலுமினேட்டாகவா, கண்ணாடியில் கரைந்தா என்பதை ஓட்டைத் தொடாமலே எதிரொளிப்பு நிறமாலையும், லேசர் ஒளி சிதறும் விதத்தை அளக்கும் ராமன் நிறமாலையும் சேர்ந்து காட்டக்கூடும். கோபால்ட் நீலத்தில் 540 முதல் 630 நானோமீட்டருக்குள் மூன்று உட்கவர் பட்டைகள் நெருக்கமாகத் தென்படும். கோபால்ட் கண்ணாடியிலும் மூன்று பட்டைகள் வரும் என்பதால் அவற்றின் இடங்களைக் கவனமாக ஒப்பிட வேண்டும். படிக அமைப்பைக் காட்டும் எக்ஸ் கதிர் விளிம்பு விளைவுச் சோதனையை மட்டும் நம்புவது இங்கே சரிப்படாது: கோபால்ட் அலுமினேட்டின் படிக அணிக்கோவை அளவும் மக்னீசியம் அலுமினேட்டின் அளவும் ஏறத்தாழ ஒன்றாக இருப்பதால், இரண்டின் கோடுகளும் ஒரே இடத்தில் விழும்.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு கேள்வி மிச்சமிருக்கும். அதை நான் மிக முக்கியமானதாகக் கருதுகிறேன். 1802இல் பிரெஞ்சு வேதியியலாளர் தெனார் உருவாக்கிய கோபால்ட் நீலமும் இதே கோபால்ட் அலுமினேட்தான். பழுதுபார்ப்பவர் ஒருவர் இதழின் தேய்ந்த விளிம்பைக் கடை வண்ணத்தால் நிரப்பியிருந்தால், ராமனும் எதிரொளிப்பும் பழையதற்கும் புதியதற்கும் ஒரே விடையைத் தரக்கூடும். இந்த இடத்தில்தான் முன்பு குறித்த நிக்கலும் துத்தநாகமும் மாங்கனீசும் கைகொடுக்கின்றன. இதழின் நடுவில் அவை கோபால்ட்டோடு சேர்ந்து உயர்ந்தும், ஐயத்துக்குரிய விளிம்பில் கோபால்ட் மட்டும் உயர்ந்தும் இருந்தால் அந்த விளிம்பு பிற்காலத்தது என்று கருதலாம். புற ஊதா விளக்கின்கீழ் அந்த விளிம்பு மட்டும் வேறாக ஒளிர்ந்தால் கருத்து வலுப்பெறும்.

மாதிரி எடுப்பது கடைசி வழி. அடுக்குகளின் வரிசையையோ பூச்சுக்கும் மண்ணுக்கும் இடையிலான இறுக்கத்தையோ வேறெந்த வழியிலும் அறிய முடியாதபோது, அருங்காட்சியகத்தின் எழுத்து மூல அனுமதியோடு, ஏற்கெனவே உடைந்த விளிம்பிலிருந்து ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான துணுக்கை எடுத்து, பிசினில் பதித்து, மெருகேற்றி எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்க்கலாம். எடுத்த இடத்தை முன்னும் பின்னும் அளவுகோலுடன் படமெடுக்க வேண்டும். மிஞ்சிய துணுக்கைப் பெயரிட்டுப் பாதுகாக்க வேண்டும். கருவியின் வகைப் பெயர், மின்னழுத்தம், அளவீட்டு நேரம், வெற்று மண்ணின் நிறமாலை ஆகியவை அறிக்கையில் இடம்பெற வேண்டும். அவை இல்லாமல் ‘கோபால்ட் நீலம்’ என்று மட்டும் எழுதிய வரியை அடுத்து வரும் ஆய்வாளரால் சரிபார்க்க முடியாது.