பங்காளி வழக்கில் நிபுணர் சாட்சி: மனு முதல் குறுக்கு விசாரணை வரை

காரைக்குடி, தேவகோட்டை பக்கம் பாகப்பிரிவினை வழக்கு எடுக்கும் புது வக்கீலுக்கு நிபுணர் பெரும்பாலும் இரண்டு இடத்தில் தேவைப்படுவார். "உயிலில் இருப்பது அப்பச்சி (அப்பா) கையெழுத்தே இல்லை" என்று எதிர்த்தரப்பு சொல்லும்போது ஒருவர். வீட்டைப் பிரிக்க முடியுமா, அதன் மதிப்பு என்ன என்ற கேள்வி வரும்போது இன்னொருவர். பிராது, எதிர்வழக்குரை எல்லாம் உங்களுக்குப் பழக்கம் என்று வைத்துக்கொண்டு நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

படி 1: கேள்வியை எழுதுங்கள்

நிபுணரைத் தேடும் முன் அவரிடம் கேட்கப்போவதை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். "உயில் உண்மையா?" என்பது நீதிபதி தீர்மானிக்க வேண்டியது. "வா.சா.ஆ.1 (வாதி தரப்பின் முதல் சான்றாவணம்) ஆன உயிலில் உள்ள கையெழுத்தும், ஒப்புக்கொண்ட ஆவணங்களில் உள்ள கையெழுத்துகளும் ஒருவரே போட்டவையா?" என்பதுதான் நிபுணருக்கான கேள்வி.

உயில் வழக்கில் சான்றொப்பமிட்ட சாட்சிகளில் ஒருவராவது உயிரோடு, சாட்சி சொல்லும் நிலையில் இருந்தால் அவரைக் கூண்டேற்றியே ஆக வேண்டும். நிபுணர் அறிக்கை அந்த இடத்தை நிரப்பாது.

படி 2: மனு

நிபுணர் கருத்துக்கு, புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியம் பிரிவு 39. அது 1.7.2024-ல் அமலுக்கு வந்தது. அன்றைக்கு ஏற்கெனவே நிலுவையில் இருந்த வழக்கென்றால் பழைய 1872 இந்திய சாட்சியச் சட்டத்தின் பிரிவு 45-ஐயே குறிப்பிடுங்கள். கூடவே உரிமையியல் நடைமுறைச் சட்டம் கட்டளை 26: ஆவணத்தை அறிவியல் ஆய்வுக்கு அனுப்ப விதி 10ஏ, வீட்டை நேரில் பார்க்க விதி 9.

எதிர்வழக்குரையில் கையெழுத்து மறுக்கப்பட்டதுமே மனுவுக்குத் தயாராகுங்கள். வாதம் கேட்கும் கட்டத்தில் போட்டால், இழுத்தடிக்கும் உத்தி என்று சொல்லியே தள்ளுபடி கேட்பார்கள்.

நம் கட்சிக்காரர் தனியே காசு கொடுத்து வாங்கும் அறிக்கையைவிட, கோர்ட் வழியாகச் சென்னை தடய அறிவியல் துறைக்கு அனுப்பி வாங்குவதே மேல். நாளாகும், ஆனால் "கூலிக்குச் சொன்ன கருத்து" என்ற தாக்குதல் அங்கே எடுபடாது.

படி 3: ஒப்பிடக் கையெழுத்து சேர்ப்பது

கையெழுத்து வழக்குகள் பலவும் சறுக்குவது இங்கேதான். மறுக்கப்படும் கையெழுத்து உயிரோடிருக்கும் கட்சிக்காரருடையது என்றால், அவர் வக்காலத்திலும் எதிர்வழக்குரையிலும் போட்ட கையெழுத்தை ஒப்பிட அனுப்பாதீர்கள். வழக்கு வந்தபின் போடுவதை ஒருவர் வேண்டுமென்றே மாற்றிப் போட முடியும். வழக்குக்கு முன்னால், உயில் தேதியை ஒட்டிய இரண்டு மூன்று வருடத்துக்குள் போட்டவைதான் வேண்டும். 50 வயதில் போட்ட உறுதியான கையெழுத்தை 80 வயதில் நடுங்கிப் போட்டதோடு வைத்தால், ஒரே ஆள் போட்டதாக இருந்தாலும் நிபுணர் "கருத்துக் கூற இயலவில்லை" என்று திருப்பிவிடுவார். குறைந்தது ஆறு, முடிந்தால் பத்து சேர்த்துவிடுங்கள்.

எங்கே தேடுவது? பதிவான கிரயப் பத்திரம், வங்கியின் மாதிரிக் கையெழுத்து அட்டை, ஓய்வூதியப் படிவம். நகரத்தார் வீடுகளில் இன்னொரு நல்ல இடம் உண்டு: பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் கல்யாணத்தில் எழுதிய இசைகுடிமானம் (திருமணப் பதிவு ஏடு). தேதி இருக்கும், இரு வீட்டார் கையெழுத்தும் இருக்கும், சம்பந்தி வீட்டிலும் ஒரு பிரதி இருக்க வாய்ப்புண்டு. கல்யாணத்தையே மறுக்க முடியாத பங்காளி அந்தக் கையெழுத்தை மறுப்பதும் கடினம்.

விலாசத்தோடு (குடும்பத் தலைப்பெழுத்துகளோடு) போட்ட நீளக் கையெழுத்துக்கு அதே வகை, சுருக்கொப்பத்துக்குச் சுருக்கொப்பம், தமிழுக்குத் தமிழ். கலந்தால் ஒப்பிட எழுத்தே இருக்காது.

அனுப்பும் முன், அவை "ஒப்புக்கொண்டவை" என்பதைப் பதிவில் ஏற்றுங்கள். கட்டளை 12 விதி 2-ன்படி நோட்டீஸ் கொடுங்கள், அல்லது எதிர்சாட்சியின் குறுக்கு விசாரணையில் ஒப்புதல் வாங்குங்கள். இல்லையென்றால் நிபுணர் சரியாகச் சொல்லியும் அடிப்படை ஆவணமே சந்தேகம் என்று மொத்தமும் போய்விடும்.

அசல்தான் போக வேண்டும். பேனா அழுத்தம், பேனா தூக்கிய இடம், எந்தக் கோட்டின் மேல் எது போனது, எதுவும் ஜெராக்ஸில் தெரியாது. லேமினேஷன், துளை, ஸ்டேப்ளர், புது மடிப்பு எதுவும் கூடாது. பதிவான ஆவணமென்றால் சார்பதிவாளர் அலுவலகப் பதிவேட்டில் விரல் ரேகை இருக்கும். ரேகை தெளிவாக இருந்தால் நான் கையெழுத்தை இரண்டாவதாகத்தான் வைப்பேன்.

படி 4: வீட்டுக்குப் பொறியாளர்

வீட்டைப் பார்வையிட கோர்ட் நியமிக்கும் கமிஷனரோடு கட்டடப் பொறியாளரும் போகும்படி உத்தரவு கேளுங்கள். என்ன அளக்க வேண்டும், எதைக் குறிக்க வேண்டும் என்று மெமோ கொடுங்கள். இரு தரப்புக்கும் நோட்டீஸ் போயிற்றா என்று பாருங்கள். போகாவிட்டால் அந்த ஒன்றே ஆட்சேபணைக்குப் போதும்.

பொதுப்பணித்துறைச் சதுர அடி விகிதத்தில் வயதுக்குத் தேய்மானம் கழித்தால், சுண்ணாம்புக் காரைச் சுவரும் பர்மா தேக்குத் தூணும் ஒன்றுமில்லாமல் போகும். மனை, கட்டடம், கழற்றக்கூடிய மரவேலை என மூன்றாகப் பிரித்து மதிப்பிடச் சொல்லுங்கள். தூண், நிலை, கதவுக்கு காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் சந்தையே இருக்கிறது. அங்கே விசாரித்த விலை அறிக்கையில் இருக்கட்டும்.

பிரிக்க முடியுமா என்பதற்கு வரைபடம் மட்டும் போதாது. நாலு பக்கக் கூரைத் தண்ணீரும் வளவு வாசலில் (வீட்டு நடுவே உள்ள திறந்த முற்றத்தில்) விழுந்து ஒரே வழியாக வெளியேறும். குறுக்கே சுவர் வைத்தால் ஒரு பங்கில் தண்ணீர் தேங்கும், இன்னொரு பங்கின் அறைகளில் வெளிச்சம் இல்லாமல் போகும். அந்த நீர்ப்போக்கையும் அதன் சரிவையும் குறிக்கச் சொல்லுங்கள். அளக்க லேசர் கருவி வேகமானது. ஆனால் தூண்களுக்கு நடுவே கதிர் தவறான இடத்தில் பட்டுவிடும். கடைசி அளவுக்கு இரும்பு டேப்தான்.

படி 5: அறிக்கையும் கூண்டும்

முடிவை மட்டும் படிக்காதீர்கள், காரணத்தைப் படியுங்கள். காரணம் சொல்லாத கருத்துக்கு மதிப்பில்லை என்பதை உச்ச நீதிமன்றம் ஜெய்லால் வழக்கில் (1999) தெளிவாக்கியிருக்கிறது. பெரிதாக்கிய புகைப்படங்கள் அறிக்கையோடு இருக்கட்டும்.

பதிலை நிபுணருக்குச் சொல்லிக்கொடுக்கக் கூடாது. எந்தக் கேள்வி வரும் என்று பேசிக்கொள்ளலாம். "வயதானால் கையெழுத்து மாறுமா?" என்று நிச்சயம் கேட்பார்கள். "மாறும்" என்பதே நேர்மையான பதில். எது மாறும், எது மாறாது என்பதை குறுக்கு விசாரணை முடிந்ததும் வரும் மறுவிசாரணையில் நீங்கள் கேட்டு வாங்குங்கள்.

சேர்க்கை: மையின் வயதைச் சோதிக்க மனு போடலாமா என்று பலர் கேட்கிறார்கள். மை எப்போது தயாரானது என்பதற்கும் அதைக்கொண்டு எப்போது எழுதினார்கள் என்பதற்கும் சம்பந்தமில்லை. பழைய பேனாவை எடுத்து இன்றும் எழுதலாம். அந்த மனுவுக்குச் செலவாகும் நேரத்தில், ஆவணம் முத்திரைத்தாளில் எழுதியதென்றால், தாள் விற்ற தேதியையும் விற்பனையாளர் பதிவேட்டையும் வரவழையுங்கள்.