"கேஸாத்தான் இருக்கும்" என்று சோடா குடிக்காதீர்கள்

காசிமேட்டில் மீன் விற்கும் என் பெரியம்மாவுக்கு ஒரு விடியற்காலை, ஏலம் நடக்கும் இடத்திலேயே தாடை வலித்தது. வேர்த்துக் கொட்டியது, வாந்தி வருவது போல இருந்தது. "கேஸாத்தான் இருக்கும்கா, ஒரு சோடா குடி" என்றார்கள் பக்கத்தில் இருந்தவர்கள். மதியம்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். மாரடைப்பு. பிழைத்துக்கொண்டார். ஆனால் இரத்தம் போகாமல் செத்துப்போன இதயத் தசை திரும்பி வராதே. இப்போது கூடையைத் தூக்கினாலே மூச்சு வாங்குகிறது.

நெஞ்சு வலிக்கவில்லையே என்று நாங்கள் நம்பினோம். ஆணோ பெண்ணோ, பெரும்பாலோருக்கு நெஞ்சில்தான் அழுத்தம் தெரியும். ஆனாலும் மூச்சுத்திணறல், முதுகுவலி, தாடைவலி, குமட்டல், காரணம் தெரியாத அசதி ஆகியவை ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகமாக வரும். நாள்பட்ட சர்க்கரை இருந்தால் வலியே தெரியாமலும் போகலாம்.

யோசித்துப் பார்த்தால், தவறு அன்றைக்கு ஆரம்பித்ததல்ல. இரண்டாவது பிரசவத்தில் பெரியம்மாவுக்கு பிரஷர் எகிறியது. பிள்ளை பிறந்ததும் எல்லோரும் மறந்துவிட்டோம். கர்ப்ப காலத்தில் பிரஷரோ சர்க்கரையோ வந்த பெண்ணுக்குப் பிற்காலத்தில் இதய நோய் வரும் வாய்ப்பு அதிகம். நாற்பது வயதுக்கு முன்பே மாதவிலக்கு நின்றவர்களுக்கும் அப்படித்தான். டாக்டர் கேட்காவிட்டாலும் இதை நீங்களே சொல்லுங்கள்.

"இதெல்லாம் ஆம்பளைங்களுக்கு வர்றது" என்ற எண்ணம் இங்கே அவ்வளவு ஆழமாக ஊறியிருக்கிறது. 52 நாடுகளில் நடந்து 2004இல் வெளியான ஓர் ஆய்வில், முதல் மாரடைப்பு ஆண்களைவிடப் பெண்களுக்குச் சுமார் ஒன்பது வருடம் தள்ளித்தான் வருகிறது என்று தெரிந்தது. புகையிலை, பிரஷர், சர்க்கரை, கெட்ட கொழுப்பு, தொப்பை, மன அழுத்தம் என முக்கியக் காரணங்கள் இருபாலருக்கும் ஒன்றுதான். பெண்களுக்குத் தள்ளி வருகிறதே தவிர, வராமல் இருப்பதில்லை.

"நாள் முழுக்க மூட்டை தூக்குறேன், எனக்கெப்படி வரும்?" என்று துறைமுகத்தில் வேலை செய்யும் அண்ணன்கள் கேட்பார்கள். உழைப்பு நல்லதுதான், ஆனால் அது பீடியை ஈடுகட்டாது. சிகரெட்டை விட்டு, வாயில் போட்டு மெல்லும் மாவாவுக்கு மாறுவதும் தப்பித்தல் ஆகாது, அதிலும் புகையிலைதான் இருக்கிறது. கை கால் ஒல்லியாக இருந்தாலும் இடுப்பை அளந்து பாருங்கள். நம்மூர் ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 தாண்டினால் கவனம் தேவை.

அப்புறம் மாத்திரை. பிரஷர் சரியாகிவிட்டது என்று நிறுத்திவிடுகிறார்கள். சரியாக இருப்பதே அந்த மாத்திரையால்தானே! 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற தமிழக அரசுத் திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள், வாங்கிச் சாப்பிடுங்கள். கருவாடும் ஊறுகாயும் தினமும் வேண்டாம். ஒரு நாளைக்கு மொத்த உப்பே ஐந்து கிராமுக்குள் இருக்க வேண்டும்.

சந்தேகம் வந்தால் 108ஐக் கூப்பிடுங்கள். கன்டெய்னர் லாரிகள் நிற்கும் எண்ணூர் ரோட்டில் நோயாளியை பைக்கில் உட்காரவைத்துக் கொண்டுபோகாதீர்கள். முதல் ஈசிஜி நன்றாக இருந்தாலும் வலி நிற்கவில்லை என்றால் மறுபடி எடுக்கச் சொல்லுங்கள். வலி எத்தனை மணிக்கு ஆரம்பித்தது என்று டாக்டர் கேட்பார். எங்களால் அன்று அதைச் சரியாகச் சொல்ல முடியவில்லை. நீங்கள் குறித்து வையுங்கள்.