காயில் கெடவில்லை, கரண்ட் போகும் வழி பாருங்கள்: கணினியில் பழுது தேடப் பழக்குவது

பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் புதிதாகப் பராமரிப்பு வேலைக்குச் சேரும் பிள்ளைகளுக்கு, மோட்டார் ஓடவில்லை என்றதும் முதலில் கை போவது ஸ்க்ரூடிரைவருக்குத்தான். சர்க்யூட்டைக் கணினியில் ஓட்டிக் காட்டும் மென்பொருளில் ஒரு பழுதை வைத்துத் தேடச் சொன்னால், அந்தக் கையைக் கட்டிப்போடலாம். ஆனால் வைத்த பழுது கண்ணில் படக்கூடாது. வரைபடத்தில் ஒரு வயரை அழித்துக் கொடுத்தால், அது ஆறு வித்தியாசம் கண்டுபிடிக்கும் போட்டிதான்.

மோட்டார் ஸ்டார்ட்டரில் தொடங்குங்கள். 230 வோல்ட் கண்ட்ரோல் சர்க்யூட்டில் வரிசையாக: ஃபியூஸ், ஓவர்லோட் ரிலேயின் 95-96 (எண்கள் முனைகளின் பெயர்கள்), ஸ்டாப், ஸ்டார்ட், ஸ்டார்ட்டுக்கு இணையாகக் காண்டாக்டரின் (மோட்டாருக்குக் கரண்ட் விடும் காந்த சுவிட்ச்) 13-14, கடைசியில் அந்தக் காண்டாக்டரை இழுக்கும் காயில் ஏ1-ஏ2. ஸ்டார்ட்டை விட்டபின்னும் காயிலுக்குக் கரண்ட் தொடரச் செய்வது 13-14. மல்டிசிம் என்ற மென்பொருளில் பாகத்தின் அமைப்புக்குள்ளேயே ஓப்பன், ஷார்ட் பழுதுகளை வைக்கலாம். அந்த வசதி இல்லாத மென்பொருளில், ஒவ்வொரு இணைப்பிலும் 0.01 ஓம் ரெசிஸ்டர் போட்டு, அதன் மதிப்பை மறைத்துவிடுங்கள். 10 மெகா ஓம் ஆக்கினால் வயர் அறுந்த கதை.

லூஸ் டெர்மினல், அதாவது வயர் இறுக்கமாகப் பிடிக்காத முனைதான் நல்ல கேள்வி. காயிலை 600 ஓம் என்று வையுங்கள் (உண்மைக் காயிலில் இண்டக்டன்ஸும் உண்டு, பாடத்துக்கு இது போதும்). ஓவர்லோட் முனையில் 300 ஓம் வைத்தால், ஸ்டார்ட்டை அழுத்தும்போது காயிலுக்கு 153 வோல்ட்தான் வரும். மீதி 77 அந்த முனையில் நிற்கும். 85 சதவீதம், சுமார் 196 வோல்ட் இருந்தால்தான் காண்டாக்டர் இழுக்கும் என்று நம்பலாம். "கரண்ட் வருது, காயில் போச்சு" என்று மாணவர் சொன்னால் வலை வேலை செய்கிறது.

ஒவ்வொரு அளவுக்கும் முன்னால் எத்தனை வோல்ட் எதிர்பார்க்கிறார் என்று எழுதச் சொல்லுங்கள். ஐந்து அளவுகளுக்கு மேல் அனுமதி வேண்டாம். காரணமில்லாமல் பாகம் மாற்றினால் 10 நிமிடம் அபராதம். ஸ்டார்ட்டை அழுத்தியபடியே அளக்க வேண்டும். விட்டுவிட்டால் திறந்திருக்கும் ஸ்டார்ட் பட்டனே 230 காட்டி ஆளைக் குழப்பும். அழுத்தினால் ஓடி, விட்டதும் நின்றால் 13-14 பக்கம் மட்டும் போதும். மற்றதெல்லாம் நல்லது என்று மோட்டாரே சொல்லிவிட்டது.

ஒரே வரிசையில் இரண்டு 10 மெகா ஓம் வைக்காதீர்கள். ஒவ்வொன்றிலும் 115 வோல்ட் காட்டும். நிஜப் பேனலில் இரண்டு இடம் அறுந்தால் அப்படி வராது.

கருகிய காயிலின் வாடை திரையில் வராது. அடுத்து, அதே பழுதை 24 வோல்ட் டிசி பயிற்சிப் பேனலில் வையுங்கள். சப்ளையை நிறுத்திப் பூட்டியபின் மீட்டரை, மின்சாரம் இருப்பது தெரிந்த வேறோர் இடத்தில் சோதித்து, பேனலை அளந்து, மறுபடி அதே இடத்தில் சோதிக்கச் சொல்லுங்கள்.