வேலை மாறும் முன் நான் பார்க்கும் தேதிகள்

சலிப்பு வந்ததும் ராஜினாமா எழுதும் பழக்கத்தை இப்படித்தான் மாற்றிக்கொண்டேன். முதலில் பயோடேட்டாவைத் திறக்கிறேன். கடந்த 12 மாதத்தில் புதிதாக ஒரு வரியாவது சேர்க்க முடிகிறதா? இல்லையென்றால் மேலாளரிடம் வேறு பொறுப்பு கேட்டு ஆறு மாதம் பார்ப்பேன். அதற்கும் அசைவில்லையென்றால்தான் வெளியே தேடுவது.

அடுத்தது தேதி. நிரந்தரப் பணியில் 5 ஆண்டு நெருங்குகிறது என்றால் தயவுசெய்து அவசரப்படாதீர்கள். 5 ஆண்டு முடித்து விலகினால் நிறுவனம் தரும் பணிக்கொடைதான் கிராஜுவிட்டி. அதன் கணக்கு எளிது: கடைசி அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து, 15-ஆல் பெருக்கி 26-ஆல் வகுத்து, ஆண்டுகளால் பெருக்க வேண்டும். அந்த இரண்டும் சேர்ந்து மாதம் 40,000 என்றால் 5 ஆண்டுக்கு சுமார் 1,15,000 ரூபாய். நாலரை ஆண்டில் கிளம்பினால் அது போச்சு.

புதிய சம்பளத்தை சிடிசி-யை (நிறுவனம் உங்களுக்காகச் செய்யும் மொத்தச் செலவு) வைத்து ஒப்பிடாதீர்கள்; மாதம் கைக்கு வருவதைக் கேளுங்கள். ஆஃபர் லெட்டர் எழுத்தில் வந்த பிறகே ராஜினாமா. நோட்டீஸ் 90 நாள் என்றால் சேரும் தேதியை அதற்கேற்பப் பேசிக்கொள்ளுங்கள்.

பலர் மாட்டிக்கொள்வது பி.எஃப். எனும் வருங்கால வைப்பு நிதியில்தான். பணத்தை எடுக்காமல் அதே யு.ஏ.என். எண்ணில் (வேலை மாறினாலும் மாறாத பி.எஃப். எண்) புதிய நிறுவனக் கணக்குக்கு மாற்றுங்கள், சேவைக்காலம் தொடரும். பழைய நிறுவனம் நாம் விலகிய தேதியைப் பதியாவிட்டால் மாற்றம் நின்றுவிடும். கடைசிச் சந்தாவுக்கு 2 மாதம் கழித்து பி.எஃப்.-ஐ நிர்வகிக்கும் இ.பி.எஃப்.ஓ. அமைப்பின் தளத்தில் நாமே பதியலாம். நிதியாண்டின் நடுவில் மாறினால் பழைய நிறுவனத்தில் வாங்கிய வருமானத்தின் விவரத்தை, அதற்கான வரிப் படிவத்தில் புதிய நிறுவனத்துக்குக் கொடுங்கள். கொடுக்காவிட்டால் இரண்டு இடத்திலும் வரிச்சலுகை கணக்காகி, ரிட்டர்ன் போடும்போது மொத்தமாகக் கட்ட நேரும்.