முடி அலங்காரக் கடைக்கு முன்பதிவுச் செயலி: எப்படித் தேர்ந்தெடுப்பது?

மலேசியாவில், சுங்கை சிப்பூட்டில் என் சித்தி பெண்களுக்கான முடி அலங்காரக் கடை வைத்திருக்கிறார். இரண்டு நாற்காலி, உதவிக்கு ஒரு பெண். போன தீபாவளிக்கு முந்திய சனிக்கிழமை, காலை பத்து மணிக்கு மூன்று பேர் ஒன்றாக வந்து நின்றார்கள். ஒருவர் புலனத்தில் (வாட்ஸ்அப்) கேட்டவர், ஒருவர் போனில் கேட்டவர், இன்னொருவர் தோட்டத்திலிருந்து நேரில் வந்து சொல்லிவிட்டுப் போனவர். மூவருக்கும் சித்தி சரி என்றிருந்தார். அப்புறம்தான் செயலி தேட உட்கார்ந்தோம். நாங்கள் செய்த வரிசையிலேயே சொல்கிறேன்.

முதலில் ஒரு நோட்டை எடுங்கள். ஒரு வாரத்துக்கு, யார் வந்தாலும் என்ன வேலை, எத்தனை நிமிடம், எந்த வழியாக நேரம் கேட்டார் என்று எழுதுங்கள். முடிவெட்ட அரை மணி. முடியை நேராக்கும் ரீபாண்டிங் என்றால் நீள முடிக்கு நான்கு மணி நேரம்கூட ஆகும். கலர் போடுவதைத்தான் பிரித்து எழுத வேண்டும். சித்திக்குப் பூச 20 நிமிடம், ஊற 35, அலச 15. அந்த 35 நிமிடத்தில் இன்னொருவருக்கு முடிவெட்டி அனுப்பிவிடுவார். செயலி 70 நிமிடத்தையும் பூட்டிவிட்டால் அந்த வருமானம் போய்விடும்.

ஆகவே, ஒரு சேவைக்கு நடுவில் காத்திருக்கும் நேரத்தைத் தனியாகக் குறிக்க முடிகிறதா என்பதை முதலில் பாருங்கள். ஃபிரெஷா (Fresha) என்ற முன்பதிவுச் செயலியில் இந்த வசதி உண்டு. கூகள் நாட்காட்டியின் முன்பதிவுப் பக்கத்தில் கிடையாது. இலவசக் கணக்கில் ஒரே பக்கம், ஒரே கால அளவு. முடிவெட்டு மட்டும் செய்யும் கடைக்கு அது தாராளமாகப் போதும் என்பேன். அமெரிக்கக் காணொளிகளில் புகழப்படும் ஸ்குவேர் (Square) செயலியைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். மலேசியக் கடைகள் அதில் பணம் வாங்க முடியாது.

அடுத்து விலை. வெள்ளியிலா (ரிங்கிட்) டாலரிலா, கடைக்கு ஒரே கட்டணமா, ஆளுக்கு ஆள் கட்டணமா, குறுஞ்செய்திக்குத் தனிக் காசா என்று கேளுங்கள். வெளிநாட்டு மின்னியல் சேவைகளுக்கு 2020 ஜனவரியிலிருந்து நம் நாட்டில் சேவை வரி உண்டு. 2024 மார்ச் முதல் அது 8 விழுக்காடு. அதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

பிறகு நீங்களே வாடிக்கையாளராக இருந்து பாருங்கள். நேர மண்டலம் கோலாலம்பூர்தானா என்று சரிபார்த்துவிட்டு, முன்பதிவு இணைப்பைப் புலனத்தில் உங்களுக்கே அனுப்பித் திறங்கள். செயலியைப் பதிவிறக்கச் சொல்கிறதா? மின்னஞ்சல் கேட்கிறதா? தோட்டத்தில் இணைய லைன் மெதுவாக இருக்கும் இடத்திலும் பக்கம் திறக்கிறதா? எங்கள் பாட்டிமார் எப்படியும் போனில்தான் கூப்பிடுவார்கள். அவர்கள் பெயரை நீங்கள் சட்டென்று கையால் சேர்க்க முடியவேண்டும். இல்லாவிட்டால் பழைய குழப்பம் திரும்ப வரும்.

வராமல் போகிறவர்கள் கவலையாக இருந்தால், ரீபாண்டிங் போன்ற நீண்ட வேலைக்கு மட்டும் டூயிட்நவ் (DuitNow) என்ற வங்கிப் பணப் பரிமாற்றம் வழியாகச் சிறிது முன்பணம் வாங்குங்கள். அரை மணி வேலைக்கு வேண்டாம். முதல் நாள் ஒரு நினைவூட்டல் அனுப்பினால் போதும்.

கூட்டம் குறைவான மாதமாகப் பார்த்து, இரண்டு வாரம் நோட்டையும் செயலியையும் சேர்த்தே நடத்துங்கள். பணம் கட்டுவதற்கு முன் வாடிக்கையாளர் பட்டியலைக் கோப்பாக வெளியே எடுத்துப் பாருங்கள். எடுக்க முடியாத செயலிக்குப் பணம் கட்டாதீர்கள்.