பிரசவ ரத்தப்போக்கை அளப்பது எப்படி: ஆய்வுக்கு இறங்குபவர்களுக்கு

பிரசவப் பதிவேட்டில் "ரத்தப்போக்கு 200 மி.லி." என்று பக்கம் பக்கமாக ஒரே எண் இருந்தால், யாரும் அளக்கவில்லை என்றுதான் பொருள். கண்மதிப்பு பெரும்பாலும் குறைத்தே சொல்லும்; ரத்தம் அதிகம் போன இடத்தில்தான் அந்தக் குறை பெரிதாகும். கர்நாடகத்தின் பெலகாவியில் 1,620 பெண்களிடம் கர்ப்பப்பையைச் சுருங்க வைக்கும் மிசோபுரோஸ்டால் மாத்திரையைச் சோதித்த ஆய்வு 2006இல் வெளிவந்தது. 500 மி.லி.யும் அதற்கு மேலும் ரத்தம் போனவர்கள் (மிகைப்போக்கு என்று கொண்ட எல்லை அது) 12 விழுக்காட்டிலிருந்து 6.4 ஆகக் குறைந்தார்கள் என்று அதனால் சொல்ல முடிந்ததற்குக் காரணம் அளவுக்கோடு போட்ட ஒரு பிளாஸ்டிக் பை: இடுப்புக்கு அடியில் ஒரு விரிப்பு, அதன் நுனியில் ரத்தம் சேரும் பை.

பையை எப்போது விரிப்பது என்பதில்தான் பாதித் தவறு நடக்கிறது. குழந்தை பிறந்து, பனிக்குட நீர் முழுக்க வடிந்த பிறகே இடுப்புக்கு அடியில் செருக வேண்டும். அவசரப்பட்டு முன்னாலேயே விரித்தால் நீரும் ரத்தக் கணக்கில் சேரும். பின்னால் பிரிக்க வழியில்லை. கீழே ஈரத்துணி இருந்தால் முதலில் அதை உருவிவிடுங்கள். நாடாவை இடுப்பில் கட்டி, பைப்பகுதி கட்டில் விளிம்பில் தொங்கும்படி விடுங்கள். விரிப்பின் மடிப்பில் ரத்தம் தேங்கும். ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் அதைக் கையால் பைக்குள் வழித்துவிட வேண்டும்.

ஒரு மணி நேரம் அளவெடுங்கள். போக்கு நிற்காவிட்டால் இரண்டு மணி நேரம். 15 நிமிடத்துக்கு ஒருமுறை கோட்டளவு, நாடித்துடிப்பு, பிபி, கர்ப்பப்பை இறுகியிருக்கிறதா என்பதைக் குறியுங்கள். நச்சுக்கொடி தனித்தட்டில் போகட்டும். கட்டிகள் பையிலேயே இருக்கட்டும். தையல் போடுமுன் கழுவும் தண்ணீரைப் பைக்குள் விடாதீர்கள். சிறுநீரும் அப்படித்தான்.

கோடு சிகிச்சைக்குப் போதும். ஆய்வுக்கு எடை வேண்டும். தினமும் காலையில் தெரிந்த எடைக்கல்லை வைத்துத் தராசைச் சரிபாருங்கள். காலிப் பை, உலர்ந்த பஞ்சு, காஸ் துணி ஆகியவற்றின் எடையை ஒவ்வொரு புதுக்கட்டுக்கும் புதிதாக எடுங்கள். நனைந்தவை 742 கிராம், உலர்ந்தவை 158 கிராம் என்றால் ரத்தம் 584 கிராம். ரத்தத்தின் அடர்த்தி 1.06, வகுத்தால் 551 மி.லி. சிலர் வகுக்காமல் ஒரு கிராமை ஒரு மி.லி. என்றே வைப்பார்கள். எது வேண்டுமானாலும் செய்யுங்கள், ஆனால் ஆய்வுத்திட்டத்தில் முன்கூட்டியே எழுதிவிடுங்கள். ஒரு மையம் வகுத்து இன்னொன்று வகுக்காமல் விட்டால் 500 என்ற எல்லைக்கோடே இரண்டாகிவிடும்.

ஒப்பீட்டுக் குழுவில் என்ன செய்வது? அங்கும் அளவுக்கோட்டுப் பையைக் கொடுத்தால் அதுவே சிகிச்சையை மாற்றிவிடும். கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியாவில் 80 மருத்துவமனைகளில் நடந்த இ-மோட்டிவ் ஆய்வு இதற்கு நல்ல வழி காட்டியது: வழக்கமான சிகிச்சைக் குழுவுக்குக் கோடு இல்லாத பை, பிறகு எடை. 2023இல் வந்த முடிவின்படி மிகைப்போக்கைக் கண்டுபிடித்தது வழக்கமான குழுவில் 51 விழுக்காடு, அளவுக்கோட்டுப் பை கொடுத்த குழுவில் 93. கடும் ரத்தப்போக்கு, அதற்காக வயிற்றைத் திறக்கும் அறுவை, மரணம் ஆகியவை சேர்ந்து 4.3இலிருந்து 1.6 விழுக்காடாக இறங்கின. பை மட்டும் இதைச் செய்யவில்லை. கர்ப்பப்பையைத் தேய்ப்பது, அதைச் சுருங்க வைக்கும் ஆக்ஸிடோசின், ரத்த உறைவு கரையாமல் காக்கும் டிரானெக்ஸாமிக் அமிலம், நரம்புவழித் திரவம், பரிசோதனை எல்லாம் ஒரே மூச்சில் தொடங்கப்பட்டன.

அதனால் இரண்டு நேரங்கள் படிவத்தில் கட்டாயம்: 500 மி.லி.யைத் தொட்ட நேரம், டிரானெக்ஸாமிக் 1 கிராம் ஏறத் தொடங்கிய நேரம். 15 நிமிடத் தாமதத்துக்குச் சுமார் 10 விழுக்காடு பலன் குறைகிறது. மூன்று மணி நேரத்துக்குப் பின் பலனே இல்லை. அளவெடுக்கும் ஆய்வு உதவியாளர் எல்லைக்கோட்டைக் கண்டதும் முதலில் நர்ஸைக் கூப்பிட வேண்டும், படிவம் அப்புறம்.

மாதம் ஒருமுறை எல்லா அளவுகளையும் வரைபடமாக்கிப் பாருங்கள். 450, 480, 490இல் கூட்டம், 500க்கு மேல் திடீர்ப் பள்ளம் என்றிருந்தால் யாரோ தராசைப் பார்க்காமல் எழுதுகிறார்கள். அந்த மையத்தில் இரவு ஷிஃப்டில் தராசு எங்கே வைக்கப்படுகிறது, பூட்டிய அலமாரியிலா என்று முதலில் கேளுங்கள்.