வீட்டுப் பெரியவர்களின் மாத்திரைகளை ஒழுங்குபடுத்துவது எப்படி?

சென்ற ஆண்டு ஆயுத பூஜைக்காக அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அம்மாவின் தையல் டப்பா கைதவறி விழுந்தது. பொத்தான்களோடும் நூல்கண்டுகளோடும் வெள்ளை மாத்திரைகள் தரையெங்கும் உருண்டன. பொறுக்கி எண்ணினேன்: 41. அத்தனையும் பிரஷர் மாத்திரை.

அழுத்தம் குறையவே இல்லையே என்று அதற்கு முந்தைய மாதம்தான் மருத்துவர் அளவைக் கூட்டி, இன்னொரு மாத்திரையையும் சேர்த்து எழுதியிருந்தார். வயிற்றுக்குள் போகாத மாத்திரை வேலை செய்யவில்லை என்று, அதற்கு மேல் இன்னொன்று. இந்த நிலையில் ஒருவரை மருத்துவமனையில் சேர்த்து, சீட்டில் உள்ள அத்தனையையும் செவிலியர் நேரம் தவறாமல் கொடுத்தால் என்ன ஆகும்? அழுத்தம் மளமளவென்று இறங்கிவிடும். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு கலங்குகிறது.

அம்மாவிடம் கேட்டேன். “அதைப் போட்டால் கால் வீங்குகிறது. டாக்டரிடம் சொன்னால் கோபித்துக்கொள்வார்” என்றார். அம்லோடிபின் வகை பிரஷர் மாத்திரைகளால் கணுக்கால் வீங்குவது மருத்துவர்கள் நன்கு அறிந்த பக்கவிளைவு. வேறு மாத்திரை மாற்றித் தரலாம். இரண்டு நிமிடப் பேச்சில் முடியவேண்டியது, தையல் டப்பாவில் மறைந்து கிடந்தது.

நாட்பட்ட நோய்களுக்கான மருந்தைச் சொன்னபடி சாப்பிடுவோர் வளர்ந்த நாடுகளிலேயே சராசரியாகப் பாதிப்பேர்தான் என்று உலக சுகாதார நிறுவனம் 2003 அறிக்கையில் சொன்னது. ஆகவே உங்கள் வீட்டிலும் சாப்பிடாமல் விட்ட மாத்திரை இருக்கும் என்று எண்ணிக்கொண்டே தொடங்குங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகல் போதும்.

படி 1: எல்லாவற்றையும் பாயில் கொட்டுங்கள்

அலமாரி, தலையணைக்கடி, கைப்பை, பூஜை அறை, ஃபிரிட்ஜ் கதவு என்று மருந்து இருக்கும் இடம் அத்தனையையும் தேடி எடுங்கள். கண் சொட்டு, சூரணம், லேகியம், முட்டிவலிக்கு மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய மாத்திரை எதையும் விடவேண்டாம். அந்த முட்டிவலி மாத்திரைதான் முக்கியம். டைக்ளோஃபெனாக் போன்றவை இரத்த அழுத்தத்தை ஏற்றும், சிறுநீரகத்தையும் பாதிக்கும். ஆனால் பெரியவர்கள் அதை மருந்துக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

காலாவதியானவற்றை முதலில் ஒதுக்குங்கள். பிறகு ஒவ்வோர் அட்டையையும் திருப்பிப் பாருங்கள். பெரிய எழுத்தில் இருப்பது கம்பெனி வைத்த பெயர்; சின்ன எழுத்தில் இருப்பதுதான் மருந்தின் பெயர். இதய மருத்துவர் எழுதியதும் சர்க்கரை மருத்துவர் எழுதியதும் இரண்டு நிற அட்டைகளில், இரண்டு பெயர்களில், உள்ளே ஒரே மருந்தாக இருப்பதுண்டு. சில மாத்திரைகளில் இரண்டு மூன்று மருந்துகள் சேர்ந்தே இருக்கும். பூதக்கண்ணாடி வைத்தாவது படியுங்கள். சந்தேகம் வந்தால் நீங்களாக எதையும் நிறுத்தாமல், அன்றே மருத்துவரைக் கேளுங்கள்.

படி 2: காரணத்தைக் கேளுங்கள்

இந்தப் படியைத் தாண்டிவிட்டு நேராக மாத்திரைப் பெட்டி வாங்கப் போகிறவர்கள்தான் அதிகம். மறதிதான் காரணம் என்று நாமே முடிவுகட்டிவிடுகிறோம். என் அம்மா ஒருநாளும் மறக்கவில்லை. நினைத்து, யோசித்து, எடுத்து ஒளித்துவைத்தார்.

“ஏன் சாப்பிடவில்லை?” என்று விசாரணை செய்யாதீர்கள். ஒவ்வோர் அட்டையையும் கையில் கொடுத்து, “இது எதற்கு அம்மா? எப்படிச் சாப்பிடுகிறாய்? சாப்பிட்டால் உடம்புக்கு என்ன செய்கிறது?” என்று கேளுங்கள். பிறகு பேசாமல் இருங்கள். வரும் பதில்கள் உங்களை ஆச்சரியப்படுத்தும். சர்க்கரை அளவு சரியாகிவிட்டது, இனி எதற்கு என்பார்கள். மாத்திரை கிட்னியைக் கெடுக்கும் என்று பக்கத்து வீட்டில் சொன்னதாகச் சொல்வார்கள். நீர் பிரியும் மாத்திரையைக் கல்யாணத்துக்குப் பஸ்ஸில் போகும் நாளில் விட்டிருப்பார்கள். வழியில் கழிப்பறை கிடைக்காதே என்ற பயம். மகனுக்குச் செலவு வைக்கக்கூடாது என்று ஒன்றைப் பாதியாக உடைத்து இரண்டு நாளைக்கு வைத்துக்கொள்ளும் அப்பாக்கள் எத்தனையோ பேர். கண் தெரியவில்லை, அட்டையைப் பிதுக்க விரலில் வலுவில்லை என்பதும் உண்டு.

ஒவ்வொரு காரணத்துக்கும் தீர்வு வேறு. சொன்னதை ஒரு நோட்டில் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். திட்டினால் அடுத்த முறை டப்பா மாறும், அவ்வளவுதான்.

படி 3: பையோடு மருத்துவரிடம் போங்கள்

பட்டியல் மட்டும் போதாது, மருந்துப் பையையே எடுத்துச் செல்லுங்கள். நோட்டில் எழுதியதைப் படித்துக் காட்டிவிட்டு மூன்றைக் கேளுங்கள். இதில் எதையாவது நிறுத்தலாமா? ஒரு நாளைக்கு இரண்டு வேளை உள்ளதை ஒரு வேளையாக மாற்ற முடியுமா? இதே மருந்து விலை குறைவாகக் கிடைக்குமா?

செலவுதான் தடை என்றால் வழிகள் உண்டு. மத்திய அரசின் மக்கள் மருந்தகங்களிலும், 2025 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு தொடங்கிய முதல்வர் மருந்தகங்களிலும் மூலப்பெயர் (ஜெனரிக்) மருந்துகள் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிவு செய்யுங்கள்.

படி 4: சுவரில் ஒரு தாள்

சீட்டில் 1-0-1 (காலை ஒன்று, மத்தியானம் இல்லை, இரவு ஒன்று) என்று இருப்பது பெரியவர்களுக்கு ஒன்றும் சொல்வதில்லை. அவர்களுடைய நாள் கடிகாரத்தில் ஓடவில்லை. காபி, இட்லி, மத்தியானச் சாப்பாடு, இரவுப் பால் என்று ஓடுகிறது. அதன்படியே தமிழில், பெரிய எழுத்தில் எழுதுங்கள். எங்கள் வீட்டுத் தாளில் இருப்பது இது:

எழுந்ததும் வெறும் வயிற்றில் – தைராய்டு (தண்ணீரோடு மட்டும்)
அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்து – காபி
காலை இட்லிக்குப் பிறகு – மெட்ஃபார்மின் (சர்க்கரை), பிரஷர்
மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு – கால்சியம்
இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு – மெட்ஃபார்மின், கொழுப்பு

தைராய்டு மாத்திரைக்கும் கால்சியம் அல்லது இரும்புச்சத்து மாத்திரைக்கும் நடுவில் 4 மணி நேரமாவது இருக்கவேண்டும். சேர்த்துப் போட்டால் தைராய்டு மருந்து உடம்பில் சரியாகச் சேராது. இதை எழுதிவைக்காததால் பல வீடுகளில் மருந்து சாப்பிட்டும் பலனில்லாமல் போகிறது. எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால் சூரியனும் நிலாவும் வரைந்து, பக்கத்தில் காலி அட்டையின் துண்டை ஒட்டிவிடுங்கள்.

வாரம் ஒருமுறை மட்டும் சாப்பிடும் மாத்திரை இருந்தால் சிவப்பு மையால் கிழமையைப் போடுங்கள். மூட்டுவாதத்துக்குக் கொடுக்கும் மெத்தோட்ரெக்சேட் அப்படிப்பட்டது. அதைத் தினமும் சாப்பிட்டுவிட்டால் உயிருக்கே ஆபத்து.

படி 5: பெட்டியை நிரப்புவது

ஏழு நாள், மூன்று வேளை அறைகள் உள்ள பெட்டி மருந்துக் கடையில் கிடைக்கும். வாங்கும்போது அவர்கள் விரலாலேயே திறந்து பார்க்கச் சொல்லுங்கள். வாரம் ஒருமுறை அவர்களை அருகில் உட்கார வைத்து, இயன்றால் அவர்கள் கையாலேயே நிரப்பவையுங்கள். என் அம்மா இப்போது ஒவ்வொன்றையும் “இது சர்க்கரைக்கு, இது கொழுப்புக்கு” என்று சொல்லிக்கொண்டே போடுகிறார். நாம் மட்டும் நிரப்பி நீட்டினால் அது நம் மருந்தாகிவிடும்.

சில மாத்திரைகள் காற்றுப் பட்டால் கெடும். எவற்றை அட்டையிலேயே வைக்கவேண்டும் என்று மருந்தாளுநரிடம் கேளுங்கள். பெயருக்குப் பின்னால் எஸ்.ஆர்., எக்ஸ்.எல். போன்ற எழுத்துகள் இருந்தால் கேட்காமல் பொடிக்கவோ உடைக்கவோ கூடாது. மெதுவாகக் கரையவேண்டியது ஒரேயடியாக இறங்கிவிடும். பெட்டி பேரக்குழந்தைகளின் கைக்கு எட்டக்கூடாது.

படி 6: தினமும் பார்ப்பது

வெளியூரில் இருப்பவர்கள் போனில் “மாத்திரை போட்டாச்சா?” என்று கேட்டால் பதில் எப்போதும் “ஆச்சு” என்பதுதான். வீடியோ அழைப்பில் பேசும்போது பெட்டியைக் காட்டச் சொல்லுங்கள். அறை காலியாக இருந்தால் போட்டிருக்கிறார்கள் என்று ஓரளவு நம்பலாம். மாதக் கடைசியில் மிச்ச மாத்திரைகளை எண்ணினால் கணக்கு தெரிந்துவிடும்.

ஒரு வேளை மாத்திரை விட்டுப்போனால் அடுத்த வேளையில் இரண்டாகச் சேர்த்துப் போடக்கூடாது. அந்தந்த மருந்துக்கு என்ன செய்யவேண்டும் என்பதை முன்பே கேட்டுத் தாளின் அடியில் எழுதிவையுங்கள். மெட்டோப்ரோலால், அட்டெனோலால் போன்ற இதய மாத்திரைகளையும், நாள்கணக்கில் சாப்பிட்டுவரும் ஸ்டீராய்டையும் சொந்தமாகச் சட்டென்று நிறுத்தவே கூடாது.

ஏகாதசி, சஷ்டி, ரமலான் நோன்பு வருமுன் மருத்துவரைக் கேட்டுவிடுங்கள். கிளிமெபிரைடு என்ற சர்க்கரை மாத்திரை அல்லது இன்சுலின் எடுப்பவர் சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை மிகவும் இறங்கிவிடும். வியர்த்து, கை நடுங்கி, பேச்சுக் குழறினால், விழுங்க முடிகிறவருக்கு உடனே மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐ அழையுங்கள்.

இத்தனைக்குப் பிறகும், முன்பு இல்லாத மறதி புதிதாகத் தெரிந்தால், போட்ட மாத்திரையையே மறுபடி போட்டால், பெட்டியை அவர்கள் கையில் விடாமல் ஒவ்வொரு வேளையும் நீங்களே எடுத்துக் கொடுங்கள். நினைவாற்றலைப் பரிசோதிக்க மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

அம்மாவுக்கு மருத்துவர் மாத்திரையை மாற்றிக் கொடுத்தார். கூடுதலாக எழுதியதை எடுத்துவிட்டார். சில வாரங்களில் வீக்கம் வடிந்து, பழைய செருப்பு மறுபடி காலுக்குச் சரியாகிவிட்டது. தையல் டப்பாவில் இப்போது பொத்தான்கள் மட்டும் இருக்கின்றன. அவ்வப்போது, அம்மாவுக்குத் தெரிந்தே, திறந்து பார்க்கிறேன்.